ஹிப்-ஹாப் இசையில் விளையாட்டு நடை: அதன் வரலாறும் ஏற்பும்

1. முன்னுரை

ஓர் இசை மரபின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் சினத்தையும் துயரத்தையுமே முதற்கண் எழுதுவர். அதன் சிரிப்பை, இடமிருப்பின், இறுதியில் சேர்ப்பர். தொல்காப்பியர் கொண்ட முறை இதனின் வேறானது. மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை அவர் முதலாவதாக வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களையும் நான்காக வகுத்துக் காட்டினார். எள்ளலும் பேதைமையும் அந்நான்கனுள் அடங்குவன. நகையும் ஆராய்ச்சிக்குரிய பொருளே என்னும் இக்கருத்தைத் துணையாகக் கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றி உலகெங்கும் பரவிய ஹிப்-ஹாப் இசையின் ஒரு கிளையை ஈண்டு ஆராய்வோம்.

ஹிப்-ஹாப் என்பது தாளத்தின்மேற் சொற்களைப் பேச்சோசையில் அடுக்கிப் பாடும் கலை. அப்பாடலை ராப் என்பர். அடிதோறும் இறுதியில் வரும் ஒலியொப்புமை, தமிழ் யாப்பில் இயைபுத் தொடை எனப்படுவதை ஒத்தது. சொல்லுக்குள் சொல்லாக வரும் ஒப்புமைகளும் பல. இக்கலையில் உரத்த குரலும் கடுமொழியும் கொண்ட நடை ஒன்று. ஆற அமர்ந்து, நண்பர் இருவர் உரையாடுவது போலப் பாடும் விளையாட்டு நடை மற்றொன்று. இப்பின்னதைச் சுவைக்கும் பழக்கம் கேட்போரிடை மெல்ல மெல்லவே வளர்ந்தது. அந்நடை இருமுறை பிழைபட உணரப்பட்டது என்பதும், முதலில் 'எளியது' என்று தள்ளப்பட்டுப் பின்னர்த் 'தீங்கற்றது' என்று புகழப்பட்டது என்பதும், இவ்விரண்டையும் கடந்த பின்னரே அதன் பொருள் விளங்கிற்று என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகளாம்.

2. பிறப்பு

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் நிழற்சாலை 1520ஆம் எண் குடியிருப்பில் நிகழ்ந்த ஒரு விருந்தையே இவ்விசையின் தொடக்கமாகக் கூறுவது மரபு. அதனை ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்பல் என்னும் இளம்பெண். இசைத்தட்டுகளை இயக்கியவர் அவர்தம் தமையனாரும் ஜமைக்காவிற் பிறந்தவருமாகிய கூல் ஹெர்க். ஒரு பாட்டில் ஆடுவோர் மிக விரும்பும் தாளப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு சுழற்பொறிகளைக் கொண்டு அதனை நீளச் செய்தமை அவர் கண்ட புதுமை. அத்தாளத்தின்மேல் ஆடுவோரை ஊக்கியும் நண்பரைப் பெயர்சொல்லி அழைத்தும் கூறிய சிறுசிறு தொடர்களே ராப் பாடலாக வளர்ந்தன.

இவ்விசைக்குப் பரந்த புகழை முதன்முதல் ஈட்டித் தந்த இசைத்தட்டு, 1979இல் சுகர்ஹில் கேங் குழுவினர் வெளியிட்ட 'ராப்பர்ஸ் டிலைட்'. தற்புகழ்ச்சியும் விருந்துக் களிப்புமே அதன் பொருள். நண்பர் வீட்டில் உண்ணத்தகாத உணவு படைக்கப்பட்டபோது விருந்தாளி படும் பாட்டினைக் கூறும் நகைச்சுவைப் பகுதியும் அதன்கண் உண்டு. ஆகவே விளையாட்டு என்பது ஹிப்-ஹாப்பின் பிற்காலச் சேர்க்கையன்று. பிறப்பிலேயே உடன் வந்தது என்பது தெளிவு.

3. விளையாட்டு நடையின் வேர்கள்

இந்நடையின் வேர் ஹிப்-ஹாப்பினும் பழமையானது. ஆப்பிரிக்க அமெரிக்க மக்களிடையே 'டோஸ்ட்' எனப்படும் நெடிய வாய்மொழிக் கதைப்பாடல்கள் வழங்கி வந்தன. ரோஜர் ஆபிரகாம்ஸ் பிலடெல்பியா நகரில் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்து 1964இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் புகழ்மிக்கது குரங்கின் கதை. மரத்தின்மேல் அமர்ந்த குரங்கு, யானை உன்னை இழித்துப் பேசிற்று என்று சிங்கத்திடம் கூறும். அச்சொல்லை அப்படியே நம்பிய சிங்கம் யானையோடு பொருது அடிபட்டு மீளும். உடல் வலியற்றது குரங்கு. அதன் படைக்கலம் நாவொன்றே. சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் கொள்பவன் தோற்பான் என்பதே கதையின் உட்கிடை. ஹென்றி லூயிஸ் கேட்ஸ் 1988இல் வெளியிட்ட தம் நூலில், இக்கதையினின்றே ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியத்திற்கு ஒரு கோட்பாட்டை வகுத்தார். அடிமை வாழ்வில் ஆண்டானின் முன்னிலையில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்த வேண்டிய நிலையில் இருந்த மக்களுக்குச் சொல்விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது இதனால் பெறப்படும்.

'ஆற அமர்தல்' என்னும் பண்பிற்கும் இத்தகைய பின்னணி உண்டு. கலை வரலாற்றறிஞர் ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன் 1973இல் எழுதிய கட்டுரையொன்றில், மேற்கு ஆப்பிரிக்க மக்கள் குளிர்ச்சி என்பதை ஓர் அழகியற் பண்பாகவும் அறப்பண்பாகவும் போற்றினர் என்று காட்டினார். இடர் வந்தவிடத்தும் முகம் மாறாது அமைதி காத்தலே அக்குளிர்ச்சி. எனவே தாளத்திற்குச் சற்றே பின்தங்கி, குரலை உயர்த்தாது பாடுவது சோம்பல் அன்று, அடக்கம் என்க. தாளத்தினின்று விலகியும் அதனை இழவாது மீளுதற்கு மிக்க பயிற்சி வேண்டும்.

4. கடுநடையின் எழுச்சி

1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் ஃபியூரியஸ் ஃபைவ் என்னும் பெயரில் 'தி மெசேஜ்' வெளிவந்தது. நகரச் சேரிவாழ்வின் அவலத்தை அது நேர்முகமாக உரைத்தது. விருந்துப் பாட்டினைப் பெரிதும் விரும்பிய அக்குழுவினர் இதனைப் பாட முதலில் தயங்கினர் என்பதும் அறியத்தக்கது. 1988இல் பப்ளிக் எனிமி குழுவின் இரண்டாம் தொகுப்பும், கலிபோர்னியாவின் காம்ப்டன் பகுதியைச் சார்ந்த என்.டபிள்யூ.ஏ. குழுவின் தொகுப்பும் வெளிவந்தன. பின்னதன்கண் காவலரைச் சாடிய ஒரு பாடலைக் குறித்து எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் 1989இல் இசைத்தட்டு நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினார். அந்த அளவிற்கு அப்பாடல் ஆட்சியாளரை உறுத்திற்று.

இவற்றின் பெருமை மறுக்கற்பாலதன்று. எனினும் இவற்றின் வெற்றியால் ஓர் அளவுகோல் நிலைபெற்றது. உண்மை என்பது கடுமை; கடுமை இல்லாதது உண்மையும் இல்லாதது என்பதே அவ்வளவுகோல். அதனைக் கொண்டு அளப்போர்க்கு நகை தோன்றும் பாடல் எளிதாகவே தோன்றும். லண்டனிற் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த ஸ்லிக் ரிக் 1985இல் டக் ஈ. ஃபிரெஷ் என்பாருடன் வெளியிட்ட பாட்டில், இசைக்கருவி ஒன்றும் இன்றி வாயொலியே தாளமாக அமைய, கதைமாந்தர் பலரின் குரலையும் தாமே மாற்றி மாற்றிப் பேசினார். கதை கூறும் கலையில் அது பெரியதொரு வளர்ச்சி. ஆயினும் கேட்டோர் பலர் அதனை வேடிக்கைப் பாட்டு என்ற அளவிலேயே கொண்டனர்.

5. 'நேட்டிவ் டங்ஸ்' குழுவினர்

1980களின் இறுதியில் நியூயார்க் வட்டாரத்துக் குழுக்கள் சில ஒன்றுகூடி 'நேட்டிவ் டங்ஸ்' என்று தம்மை அழைத்துக்கொண்டன. தாய்மொழிகள் என்பது அப்பெயரின் பொருள். ஜங்கிள் பிரதர்ஸ், டி லா சோல், எ டிரைப் கால்டு குவெஸ்ட் ஆகிய மூன்றும் அவற்றுள் தலையாயவை. குவீன் லத்தீஃபா, மோனி லவ் ஆகிய பெண்பாற் பாடுநரும் அவர்களோடு சேர்ந்தனர். ஜங்கிள் பிரதர்ஸ் 1988இல் தம் முதல் தொகுப்பை வெளியிட்டு வழி திறந்தனர்.

டி லா சோல் குழுவின் மூவரும் லாங் ஐலண்டின் அமிட்டிவில் ஊரினர். பப்ளிக் எனிமி தோன்றியதும் அந்த லாங் ஐலண்டிலேயே ஆகலின், நடை வேறுபாட்டிற்கு இடவேறுபாடே காரணம் எனக் கூறவியலாது. பிரின்ஸ் பால் என்பாரின் துணையோடு இம்மூவரும் 1989 மார்ச் 3 அன்று 'திரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். பாடல்களுக்கு இடையே ஒரு வினாவிடைப் போட்டி நடைபெறுவதாக அமைத்தனர். வினாக்களோ எவராலும் விடைகூற இயலாதவை. குழுவினருள் ஒருவர் தமக்கு விருப்பமான தயிருணவின் ஆங்கிலப் பெயரைத் தலைகீழாக்கி 'டுருகாய்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒலித்துணுக்குகளை எடுத்துக் கோக்கும் சாம்பிளிங் முறையை இத்தொகுப்பில் அவர்கள் எல்லையின்றிக் கையாண்டனர். ஓடிஸ் ரெட்டிங்கின் சீழ்க்கை, ஸ்டீலி டேன் குழுவின் இசை, பிரெஞ்சு மொழி கற்பிக்கும் ஒலித்தட்டு, 1973இல் சிறுவர்க்குப் பெருக்கல் வாய்பாடு கற்பித்த தொலைக்காட்சிப் பாட்டு ஆகியன அங்கே அருகருகே ஒலித்தன. மூன்று என்னும் எண்ணைச் சிறப்பித்த அவ்வாய்பாட்டுப் பாட்டு, மூவர் குழுவின் தன்னறிமுகமாக மாறிற்று. பேதைமை போலத் தோன்றும் இஃது ஆழ்ந்த சூழ்ச்சித்திறம் உடையது.

அதே தொகுப்பில் 'சே நோ கோ' என்றொரு பாடல் உண்டு. ஹால் அண்ட் ஓட்ஸ் இருவரின் இனிய இசைத்துணுக்கு ஒன்று அதன் அடித்தளம். அதன் பொருளோ கிராக் என்னும் போதைப்பொருளால் குடும்பங்கள் சிதைவது. ஆடத் தூண்டும் இசையின்மேல் அழிவின் செய்தி வைக்கப்பட்டுள்ளது. இசையை மட்டும் கேட்டவன் குரங்கின் சொல்லை அப்படியே நம்பிய சிங்கத்தை ஒப்பான்.

குவீன்ஸ் பகுதியைச் சார்ந்த எ டிரைப் கால்டு குவெஸ்ட் குழு 1990இல் முதல் தொகுப்பையும், 1991இல் 'தி லோ எண்ட் தியரி' என்னும் இரண்டாம் தொகுப்பையும் வெளியிட்டது. கியூ-டிப், ஃபைஃப் டாக் இருவரும் இளமைதொட்டு நண்பர். ஒருவரின் குரல் மென்மையும் மூக்கொலியும் உடையது. மற்றவரின் குரல் உயர்ந்து துடிப்பது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துப் பேசும் இவர்தம் முறை மேடைப்பேச்சை ஒவ்வாது திண்ணைப் பேச்சை ஒத்தது. ஜாஸ் இசையோடு தம் கலைக்குள்ள உறவை அவர்கள் வெளிப்படவே கூறினர். ஜாஸ் மேதை ரான் கார்ட்டர் ஒரு பாடலுக்குத் தம் பெருவில்யாழை இசைத்தார். இத்தகைய இன்னிசைக்கிடையே பெண்களுக்கு இழைக்கப்படும் வன்கொடுமையைப் பற்றிய பாடலும் அத்தொகுப்பில் இடம்பெற்றது.

தற்புகழ்ச்சி ராப் பாடலின் பொதுமரபு. இவர்களோ தம்மையே எள்ளினர். ஃபைஃப் டாக் தம் குறளுருவத்தை நகைப்பொருளாக்கினார். 1993இல் வெளிவந்த பாடலொன்றில் தாம் நீரிழிவு நோயர் என்பதனையும் சிரிக்கத்தக்க வகையில், ஒரு பெருமிதத்தோடு கூறினார். அந்நோயின் விளைவாகவே அவர் 2016 மார்ச் 22 அன்று மறைந்தார். அப்பாடலை இன்று கேட்போர்க்கு நகையும் அவலமும் ஒருங்கே தோன்றும். பாட்டின் சொல் மாறவில்லை; கேட்போரின் அறிவே மாறிற்று.

6. மேற்குக் கரை

இந்நடை நியூயார்க்கோடு நிற்கவில்லை. ஓக்லாந்தைச் சார்ந்த டெல் என்பார் 1991இல் தம் முதல் தொகுப்பை வெளியிட்டார். என்.டபிள்யூ.ஏ. குழுவில் பாடிய ஐஸ் கியூப் இவர்தம் உறவினர் என்பதும், அத்தொகுப்பு உருவாகத் துணைநின்றவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. கடுநடையும் விளையாட்டு நடையும் ஒரே குடும்பத்தில் வாழ்ந்தன.

1992ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரம் பெருங்கலகத்தால் எரிந்தது. ராட்னி கிங் என்பாரைத் தாக்கிய காவலர்கள் விடுவிக்கப்பட்டதே அக்கலகத்தின் காரணம். அவ்வாண்டு நவம்பரில் அந்நகரத்துத் ஃபார்சைடு குழுவினர் முதல் தொகுப்பை வெளியிட்டனர். டிசம்பரில் டாக்டர் டிரே வெளியிட்ட 'தி கிரானிக்' நாடெங்கும் புகழ்பெற்றது. பின்னதன் வீறு உடனே உணரப்பட்டது. ஃபார்சைடு குழுவினரோ தம் காதல் ஏற்கப்படாது போனமையை நால்வரும் மாறிமாறிச் சொல்லி ஏங்கும் பாடலாலேயே அறியப்பட்டனர். எள்ளல் என்பதற்குப் பேராசிரியர் இருவகை கூறுவர்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானும் நகுதல் மற்றொன்று. ஹிப்-ஹாப்பில் முன்னது மிகுதி. பின்னதற்கு இடந்தந்தமை விளையாட்டு நடையினரின் தனிச்சிறப்பு. தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஆண்குரல் இதனால் அக்கலையுள் புகுந்தது.

குறையும் கூறுதல் வேண்டும். இவ்விளையாட்டு எல்லாவிடத்தும் மேம்பட்டதன்று. பெண்களை இழிவுபடுத்தும் நகையும் கொச்சைமொழியும் இக்கிளையினரின் பாடல்களிலும் உள்ளன. வலியோரை எள்ளும் நகையும் மெலியோரை எள்ளும் நகையும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மறவாது ஆய்தலே நடுவுநிலை.

7. சட்டம் செய்த தடை

இந்நடை நன்கு வளர்ந்த காலத்திலேயே அதன் வேர்மீது ஓர் அடி விழுந்தது. பிஸ் மார்க்கி என்பார் சுருதி பிறழப் பாடியே 1990இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதற் பத்திடங்களுள் இடம்பெற்ற நகைச்சுவைக் கலைஞர். கில்பர்ட் ஓ'சல்லிவன் பாட்டினின்று இசைவின்றி ஒரு துணுக்கை எடுத்தமைக்காக அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. 1991 டிசம்பரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. திருடற்க என்னும் விவிலியக் கட்டளையோடு தொடங்கியது அத்தீர்ப்பு. அவர் அடுத்து 1993இல் வெளியிட்ட தொகுப்பிற்கு, 'எல்லாத் துணுக்குகளுக்கும் இசைவு பெறப்பட்டது' என்னும் பொருளில் பெயரிட்டு அதனையும் நகையாக்கினார்.

டி லா சோல் குழுவின்மேலும் டர்டில்ஸ் இசைக்குழுவினர் வழக்குத் தொடர்ந்தனர்; அது நீதிமன்றத்திற்கு வெளியே முடிக்கப்பட்டது. இதன்பின் ஒவ்வொரு துணுக்கிற்கும் முன்னரே இசைவு பெறுவது இன்றியமையாததாயிற்று. ஒரு பாட்டிற்கு ஒரு துணுக்கை எடுப்போர்க்கு அது தாங்கத்தக்க செலவு. ஒரு பாட்டில் பல துணுக்குகளை மோதவிட்டு நகை விளைப்போர்க்கு அது தாங்கொணாதது. மூல ஆசிரியர்களின் உரிமை நியாயமானதே. ஆயினும் அச்சட்டத்தின் சுமை எல்லா நடையின்மேலும் சமமாக விழவில்லை என்பது வரலாற்றாசிரியன் குறிக்கவேண்டிய உண்மை.

8. ஏற்பின் படிகள்

1989இல் திறனாய்வாளர் பலர் டி லா சோல் தொகுப்பைப் பெரிதும் புகழ்ந்தனர். ஆனால் மலர்ப்படம் பொறித்த அதன் அட்டையைக் கண்டு அவர்களை 'ஹிப்பிகள்' என்று அழைத்தனர். வன்முறை இல்லாத, அச்சம் தராத இளைஞர் என்பதே அப்புகழ்ச்சியின் உட்பொருள். பாராட்டிற்குள் மறைந்த இப்பிழையைக் குழுவினர் உணர்ந்தனர். 1991இல் தம் அடுத்த தொகுப்பிற்கு 'டி லா சோல் இறந்துவிட்டது' என்று பொருள்படப் பெயரிட்டு, அட்டையில் கவிழ்ந்து உடைந்த பூந்தொட்டியை வரைந்தனர். தந்தையின் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் கதை, விளையாட்டு மாறாத குரலிலேயே அதன்கண் கூறப்பட்டது. கேட்போர் சிரிப்பதா வருந்துவதா என்று திகைக்குமாறு செய்தமையே அதன் வன்மை.

ஏற்பு எவ்வாறு வளர்ந்தது என்பதற்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியல் தக்க சான்றாகும். காக்கத்தகும் ஒலிப்பதிவுகளை ஆண்டுதோறும் தேர்ந்தெடுப்பது அப்பட்டியல். 2002ஆம் ஆண்டின் முதற்பட்டியலிலேயே 'தி மெசேஜ்' இடம்பெற்றது. அதனினும் மூன்றாண்டு மூத்ததாகிய 'ராப்பர்ஸ் டிலைட்' 2011ஆம் ஆண்டுப் பட்டியல்வரை காத்திருந்தது. 'திரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் சேர்ந்தது. 'தி லோ எண்ட் தியரி' 2022இல் அறிவிக்கப்பட்ட பட்டியலிலேயே சேர்ந்தது. என்.டபிள்யூ.ஏ. தொகுப்பும் 2016ஆம் ஆண்டுப் பட்டியல்வரை காத்திருந்தமையின், கடுமையே முன்னுரிமை பெற்றது என்று கூறுதல் பொருந்தாது. வெளிப்படையான சமூகச் செய்தியே முன்னுரிமை பெற்றது. கொடுஞ்சினமும் விளையாட்டும் பின்னரே ஏற்கப்பட்டன என்பதே சான்றுக்கு இயைந்த முடிவு.

பல்கலைக்கழகங்களும் இக்கலையை ஏற்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஹிப்-ஹாப் ஆவணக்காப்பகம், நூலகத்தில் வைத்துப் போற்ற முதலில் தேர்ந்த நான்கு தொகுப்புகளுள் 'தி லோ எண்ட் தியரி' ஒன்று. 2024இல் அக்குழு ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டது.

இவ்வேற்பின் இடையே ஒரு பேரிழப்பும் நேர்ந்தது. பழைய ஒப்பந்தங்கள் இணையவழி ஒலிபரப்பைக் கருதாது எழுதப்பட்டமையால், டி லா சோல் குழுவின் முதற்காலத் தொகுப்புகள் நெடுங்காலம் இணையக் கேட்புத் தளங்களில் இடம்பெறவில்லை. 2014 பிப்ரவரி 14 அன்று குழுவினரே தம் தொகுப்புகளை 25 மணிநேரம் விலையின்றி வழங்கினர். 2021இல் இசைத்தட்டு நிறுவனம் கைமாறிய பின்னரே தடைகள் நீங்கின. முதல் தொகுப்பு வெளிவந்து 34 ஆண்டுகள் நிறைந்த 2023 மார்ச் 3 அன்று அவை உலகெங்கும் கேட்கக் கிடைத்தன. அதற்கு 19 நாள் முன்னர், பிப்ரவரி 12 அன்று, டுருகாய் என்னும் டேவிட் ஜோலிகூர் மறைந்தார்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். விளையாட்டு நடை ஹிப்-ஹாப்பின் பிறப்போடு வந்தது. அதன் வேர் ஆப்பிரிக்க அமெரிக்க வாய்மொழி மரபில் உள்ளது என்பது ஒன்று. ஆற அமர்ந்து பாடுதல் பொருளின்மையைக் காட்டாது. பொருளின் சுமையைப் புலப்படாமற் சுமக்கும் முறையைக் காட்டும் என்பது மற்றொன்று. அதன் ஏற்பு தாழ்த்தமைக்குக் கேட்போரின் அளவுகோலும் உரிமைச் சட்டமும் காரணங்கள் என்பது மூன்றாவது.

இந்நடையைச் சுவைக்கக் கற்பதற்கு நேரம் வேண்டும். எடுத்தாளப்பட்ட துணுக்கின் மூலத்தை அறிதலும், பேச்சோசை தாளத்தினின்று விலகி மீளும் நுட்பத்தைச் செவியால் உணர்தலும், சிரிப்பு யாரை நோக்கியது என்று வினவுதலும் அதற்குரிய படிகள். நம் உரையாசிரியர்கள் நகைக்கு வகுத்த பாகுபாடுகள் இவ்வாய்வில் பயன்படுமாற்றைச் சிறிதளவே ஈண்டுக் காட்டினோம். வாய்மொழி இலக்கியத்தை ஆராயும் மாணவர் இதனை விரிவாக ஆராய்வாராயின், பாடியவர்கள் வாழும்போதே அவர்தம் கலைக்கு உரிய மதிப்புக் கிடைக்க அது துணைசெய்யும்.